உபுண்டுவில் மட்டும் வைஃபை காணோம்: எங்கள் வீட்டுக் குழுவில் ஒரு ராத்திரி

குழு: நம் வீடு (தம்பியின் லேப்டாப்பில் விண்டோஸ், உபுண்டு என்று இரண்டு இயங்குதளங்கள் உண்டு. திறக்கும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுப்பான்.)

[இரவு 8:41] தம்பி: அக்கா, இருக்கிறாயா? லேப்டாப்பில் உபுண்டு பக்கம் போனால் நெட் வரவில்லை. ‘நோ வைஃபை அடாப்டர் ஃபவுண்ட்’ என்று காட்டுகிறது. நாளைக் காலை 10 மணிக்குள் லேப் ரெக்கார்டை ஏற்றியாக வேண்டும். ஃபைல் எல்லாம் உபுண்டுவில்தான் இருக்கிறது.

[8:43] பெரியப்பா: ரௌட்டரை ஒருமுறை அணைத்துப் போடச் சொல் தம்பி. இங்கே எங்களுக்கு அப்படித்தான் சரியாகும்.

[8:44] தம்பி: செய்து பார்த்தாயிற்று பெரியப்பா. ரூமில் மற்ற மூன்று பேருக்கும் வருகிறது. என் போனிலும் வருகிறது.

[8:44] அம்மா: வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லையே. கெட்டுப்போய்விட்டதா?

[8:46] நான்: பயப்படாதே அம்மா. டேய், விண்டோஸில் நெட் வருகிறதா?

[8:47] தம்பி: அதில் நன்றாக வருகிறது. ரூம்மேட் உபுண்டுவை அழித்துவிட்டு மறுபடி போடலாம் என்கிறான். பென்டிரைவும் கையில் வைத்திருக்கிறான்.

[8:47] நான்: வேண்டாம்! எதையும் அழிக்காதே. ரெக்கார்டும் சேர்ந்து போய்விடும். விண்டோஸில் வருகிறது என்றால் வைஃபை கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. உபுண்டுவில் கடைசியாக எப்போது வந்தது?

[8:49] தம்பி: மத்தியானம் வரை வந்தது. அப்புறம் விண்டோஸில் ஒரு பிபிடி செய்தேன். ஷட்டவுன் கொடுத்துவிட்டு மெஸ்ஸுக்குப் போனேன். வந்து உபுண்டுவைத் திறந்தால் இப்படி.

[8:50] நான்: அந்த ஷட்டவுனில்தான் விஷயம் இருக்கிறது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, அதாவது 2012 முதல், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று உண்டு. நீ ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணையாது. உன் புரோகிராம்களை மூடிவிட்டு, தன் மையப் பகுதியான கெர்னலையும், கருவிகளை இயக்கும் டிரைவர் புரோகிராம்களின் நிலையையும் ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கிவிடும். அடுத்த முறை அதைப் படித்துச் சட்டென்று எழுந்துகொள்ளும். சில லேப்டாப்களில் வைஃபை கார்டும் அதே அரைத் தூக்கத்தில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் உபுண்டு வந்து கூப்பிட்டால் எழாது.

[8:52] பெரியப்பா: பழைய குடித்தனக்காரர் சாவியைக் கொடுக்காமல் ஊருக்குப் போன மாதிரியா?

[8:52] நான்: அதேதான் பெரியப்பா.

[8:53] நான்: தம்பி, இப்போது விண்டோஸுக்குள் போ. ஷட்டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் கொடு. ரீஸ்டார்ட்டில் இந்த அரைத் தூக்கம் கிடையாது, முழுதாக மூடித்தான் திறக்கும். மெனு வந்ததும் உபுண்டுவைத் தேர்ந்தெடு.

[8:54] நான்: அதிலும் வராவிட்டால் போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி ‘யூஎஸ்பி டெதரிங்’ ஆன் செய், போனின் நெட் கேபிள் வழியே லேப்டாப்புக்கு வரும். வைஃபை கார்டே இல்லாவிட்டாலும் உபுண்டு அதை வயர் இணைப்பாக எடுத்துக்கொள்ளும். எப்படியும் இன்று ராத்திரி ரெக்கார்டு போய்விடும்.

[9:02] தம்பி: வந்துவிட்டது!! ஹாஸ்டல் வைஃபை பெயர் தெரிகிறது அக்கா!

[9:02] அம்மா: முருகா.

[9:03] நான்: முதலில் ரெக்கார்டை ஏற்று. மற்றது அப்புறம்.

[9:21] தம்பி: ஏற்றிவிட்டேன்.

[9:23] நான்: சரி, இப்போது நிரந்தரமாகச் சரி செய்வோம். விண்டோஸில் கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ். இடப்பக்கம் ‘சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ’ என்று இருக்கும். உள்ளே போனால் டிக் எல்லாம் மங்கலாகத் தெரியும். மேலே ‘சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரண்ட்லி அன்அவைலபிள்’ என்பதை அழுத்தினால் திறந்துகொள்ளும். ‘டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ டிக்கை எடுத்துவிட்டு சேவ் கொடு. விண்டோஸ் திறக்கச் சில விநாடி கூடும், அவ்வளவுதான்.

[9:31] தம்பி: எடுத்துவிட்டேன். அக்கா, உபுண்டுவிலிருந்து விண்டோஸின் டி டிரைவில் எதையும் சேவ் செய்யவும் முடியவில்லை. படிக்க மட்டும்தான் விடுகிறது. அதுவும் இதனால்தானா?

[9:32] நான்: பெரும்பாலும் இதனால்தான். விண்டோஸ் பாதித் தூக்கத்தில் விட்டுவைத்த டிரைவில் எழுதினால் ஃபைல்கள் சிதைந்துபோகும். அதனால்தான் உபுண்டு எழுத விடாமல் தடுக்கிறது. எந்த நாளும் அதை வலுக்கட்டாயமாகத் திறக்காதே. இனி தானே சரியாகிவிடும்.

[9:34] தம்பி: இன்னொன்று. விண்டோஸில் மணி மாலை 4:04 என்று காட்டுகிறது.

[9:36] நான்: ஐந்தரை மணி நேரம் பின்னால், இல்லையா? மதர்போர்டு கடிகாரத்தில் உபுண்டு உலகப் பொது நேரத்தை எழுதும். விண்டோஸ் அதையே நம் ஊர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நமக்கு வித்தியாசம் 5:30 மணி. உபுண்டுவில் கட்டளை அடிக்கும் டெர்மினலில் ஒரே ஒரு வரி அடித்தால் போதும், படம் எடுத்து அனுப்புகிறேன். அதுவரை காலை அலாரத்தைப் போனில் வை.

[9:38] அம்மா: சாப்பிட்டாயா கண்ணு?

[9:38] தம்பி: சாப்பிட்டேன் அம்மா. இட்லி.

[காலை 7:10] தம்பி: அக்கா, நேற்று ராத்திரி வேண்டுமென்றே விண்டோஸில் ஷட்டவுன் கொடுத்துவிட்டுப் படுத்தேன். இப்போது நேராக உபுண்டுவைத் திறந்தேன். வைஃபை இருக்கிறது. டி டிரைவிலும் சேவ் ஆகிறது.