மறு: பெண் அக்சலாட்டிலின் பெருத்த வயிற்றுக்கு என்ன சொல்?

> வயிற்றில் முட்டை நிறைந்த நிலையைச் சொல்லும் ஆங்கிலக் 'கிராவிட்' (gravid) என்பதற்குக் கர்ப்பிணி என்று போட்டுவிட்டுப் போவோம். எல்லாருக்கும் விளங்கும்.

விளங்கும் அண்ணா, ஆனால் நாங்கள் சேர்க்கிற அக்சலாட்டில் சொற்பட்டியலில் அது பிழையாக விளங்கும். கர்ப்பம் என்றதும் உள்ளே குஞ்சு வளர்வதாகத்தான் ஆட்கள் நினைப்பார்கள். அக்சலாட்டில் தண்ணீரிலேயே வாழும் பல்லி வடிவப் பிராணி, தவளை இனத்துக்கு உறவு; அதில் அப்படி இல்லை. ஆண் தொட்டியின் அடியில் விந்துப்பொதியை வைத்துவிட்டுப் போகும், பெண் அதை எடுத்துக்கொள்ளும், முட்டை வெளியே வருகிற வழியில்தான் கருக்கட்டல். ஆணே இல்லாத தொட்டியிலும் பெண்ணின் வயிறு முட்டையால் நிறையும். என் வீட்டில் நடந்தது அதுதான்.

போன வருடம் தொட்டித் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் பூட்டினேன். வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத்து மூன்றாம் மாடியில், விசிறியை மட்டும் நம்பி இந்தப் பிராணியை வைத்திருக்க ஏலாது. அதற்கு 16 முதல் 18 பாகை செல்சியஸ் வேண்டும், 24ஐத் தாண்டினால் துன்பம். தண்ணீர் குளிர்ந்து கொஞ்ச நாளில் அவள் அகலத் தொடங்கினாள். மேலிருந்து பார்த்தால் தலையைவிட உடம்பு அகலம். கொழுத்துவிட்டாள் என்று முடிவுகட்டி, கிழமைக்கு மூன்று தரம் போட்ட மண்புழுவை ஒரு தரமாக்கினேன். ஒருநாள் விடியப் பார்க்கிறேன், செடியெல்லாம் கறுப்புப் புள்ளி வைத்த சவ்வரிசி! முட்டை. சமையலறைத் தராசில் தண்ணீர்ப் பெட்டியை வைத்துச் சுழியாக்கி, அவளை விட்டு நிறுத்தேன். முதல் 168 கிராம் நின்றவள் 139. வயிற்றுத் தோல் தொய்ந்து, இடுப்பெலும்பு தெரிந்தது. தீனி கூடத் தேவைப்பட்ட நேரத்தில் நான் குறைத்திருக்கிறேன். இரண்டு பருமனுக்கும் என்னிடம் ஒரே சொல்தான் இருந்தது, 'குண்டு'.

ஆகவே இரண்டு சொல் கேட்கிறேன். என் முன்மொழிவு: சினைத்திரட்சி, கொழுப்புத்திரட்சி. பார்த்த மாத்திரத்தில் பிரிக்கலாம். சினையென்றால் விலாவுக்குப் பின்னே வயிறு இரண்டு பக்கமும் புடைக்கும், கை கால் வால் பழையபடியே இருக்கும். வெள்ளை நிறத்தவள் என்றால் தோலினூடே கருமணிகள் தெரிவதும் உண்டு. கொழுப்பென்றால் வாலடி தடிக்கும், கைக்குழியில் மெத்தை மாதிரிக் கட்டும்.

> சூல் இருக்கச் சினை எதற்கு?

சூல் அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் பூவைப் பிளந்து சூலகம், சூல்வித்து என்று படித்த பிள்ளைக்கு அது செடியின் சொல். மீன் சந்தையில் யாரும் "சூல் இருக்கா?" என்று கேட்பதில்லை, "சினை இருக்கா?" என்றுதான். இன்னொன்று, இலக்கணத்தில் சினை என்றால் உறுப்பு. அறுந்த காலைத் திரும்ப முளைக்கவைக்கிற பிராணிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்!

> தீனி போடாத நாளை 'உண்ணாநோன்பு நாள்' எனலாமா?

நோன்பு தானாக இருப்பது. இது நாங்கள் போடாமல் விடுவது. இரத்தப் பரிசோதனைக்குப் போகிற எல்லாருக்கும் வெறுவயிறு தெரியும். 'வெறுவயிற்று நாள்' போதும். வளர்ந்த பெண்ணுக்குக் கிழமையில் நாலைந்து நாள் அப்படித்தான் போகும்.

அக்சலாட்டில் என்ற பெயரை விட்டுவிடுவோம். மெக்சிக்கோ நகரத்துச் சொச்சிமில்கோ வாய்க்கால்களில் அழியும் நிலையில் இருக்கும் பிராணியிடம் அதன் நாவாட்டில் மொழிப் பெயரையுமா பறிப்பது?

—

மட்டக்குளியிலிருந்து:

தம்பி, சினைத்திரட்சிக்கு என் கையும் உயர்கிறது. மற்றதற்கு மாட்டேன். திரட்சி புகழ்ச்சொல். திரண்ட தோள் என்போம், திரண்ட முத்து என்போம். பெண் ஆணைவிட இயல்பாகவே அகலம், முட்டை கொண்டு இன்னும் அகல்வதும் இயல்பு. அதற்குத் திரட்சி பொருந்தும். கொழுப்பு எங்கள் கைப்பிழை, மெழுகுப்புழுவும் மாட்டிதயமும் ஆசைக்கு அள்ளிப்போட்டதன் பலன். பிழைக்கு ஏன் புகழ்ச்சொல்? கொழுப்பேற்றம் என்று வை. ஏற்றியது யார் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது.

மூன்றாவது ஒன்றை மறந்துவிட்டாய். வயிற்றில் நீர் கோத்து உப்புவது. அதற்கு ஒன்றும் ஆக்கவேண்டாம், மகோதரம் இருக்கிறது. 1860களில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்கரான கிறீன் வைத்தியர் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். அந்த ஊரில் பிறந்த நான், இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதிதாகச் செய்தால் அப்பா கனவில் வந்து ஏசுவார்.

—

வெள்ளவத்தையிலிருந்து:

ஐயா, கொழுப்பேற்றம் சரி. தோற்றேன், சந்தோசமாக. மகோதரத்தையும் பட்டியலில் ஏற்றுகிறேன், ஒரு குறிப்போடு: சினைத்திரட்சியில் அவள் தின்பாள், நடமாடுவாள். மகோதரத்தில் சோர்வாள், சிலவேளை மிதப்பாள். அப்போது தீனியைக் கூட்டுவதா குறைப்பதா என்று யோசித்துக்கொண்டிராமல் மிருகவைத்தியரிடம் கொண்டுபோக வேண்டியதுதான்.

கொட்டாஞ்சேனை அக்கா தனிமடலில் ஒன்று கேட்டிருந்தார், தண்ணீர் சூடானால் தீனியைக் கூட்டலாமா என்று. சூட்டில் உடம்பு வேகமாக எரிக்கும், அதனால் மெலியும், உண்மைதான். ஆனால் தீனியைக் கூட்டி அதைச் சரிக்கட்ட முடியாது அக்கா. இன்னும் சூடேறினால் அது தின்பதையே நிறுத்திவிடும், தின்னாத புழு தண்ணீரைப் பழுதாக்கும். முதலில் தண்ணீரைக் குளிரவையுங்கள்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டில் மீன் இறைச்சி இல்லை. அவளுக்கும் வெறுவயிற்று நாள். கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்தபடி நிற்கிறாள்.