எடை சரியாகத்தான் இருக்கிறது, தொப்பை மட்டும் ஏன்?

செம்பூர்வாசி:
வயது 38, உயரம் 170 செ.மீ., எடை 66 கிலோ. பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 23-க்குக் கீழேதான் வருகிறது. கை கால் ஒல்லி, வயிறு மட்டும் சட்டைப் பட்டனை இழுக்கிறது. ஆபீஸிலும் முப்பத்தைந்து தாண்டிய ஆண்களில் தொப்பை இல்லாத ஆளைத் தேடித்தான் பிடிக்கணும். வீட்டில் கேட்டால் "வயசானா வர்றதுதானே" என்கிறார்கள். நகரத்து ஆண்களில் உண்மையிலேயே இத்தனை பேருக்கா? என் பேண்ட் சைஸ் 34, கவலைப்படணுமா?

சயான் அக்கா:
தம்பி, பேண்ட் சைஸை நம்பாதீங்க. தொப்பை வந்த ஆண்கள் பேண்டை அதற்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொள்வதால் சைஸ் வருஷக்கணக்கில் மாறாது. தையல் டேப்பை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் சுற்றி, வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக விட்டபின் அளந்து பாருங்க. நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தொட்டாலே வயிற்றுப் பருமன்தான்.

கோலிவாடா குமரன்:
எத்தனை பேர் என்பது எந்த அளவுகோலை வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஆண்களுக்கு 94 செ.மீ. வைத்துப் பார்த்தபோது 12 சதவீதம்தான் வந்தது. அதே கணக்கெடுப்பில் இடுப்புச் சுற்றளவைப் பிட்டச் சுற்றளவால் வகுத்த விகிதத்தை வைத்துப் பார்த்தால் ஆண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஆபத்து வரம்பில் இருக்கிறார்கள். 2023-ல் வெளிவந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு 90 செ.மீ. வரம்பை எடுத்துக்கொண்டது, அதில் ஆண் பெண் சேர்த்து 39.5 சதவீதம், கிராமத்தைவிட நகரத்தில் அதிகம். அதனால் 12 என்ற எண்ணைக் காட்டி யாராவது ஆறுதல் சொன்னால் கேட்காதீங்க.

மாதுங்கா டாக்டர்:
"வயசானா வரும்" என்று விட்டுவிடுவதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனில் இருந்த வெள்ளைக்கார டாக்டர் யுட்கினும் 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவர் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. ஆனால் உடம்புக் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரியும் இந்தியருக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கும். வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேர்கிற அந்தக் கொழுப்புதான் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுத்துச் சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் வழிவிடுகிறது.

என்னிடம் வருகிற ஆண்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. போக வர மூணு மணி நேரம், எட்டு மணி நேரம் நாற்காலி, ஸ்டேஷன் வாசலில் வடாபாவ், நாலு தடவை சர்க்கரை போட்ட கட்டிங் சாய் (அரை கிளாஸ் டீ), ராத்திரி பத்தரைக்குத் தட்டு நிறையச் சோறு, அப்படியே படுக்கை. எந்த வயிறு தாங்கும்? வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்து தொப்பையைக் கரைக்க முடியாது, மொத்தக் கொழுப்பும் குறைந்தால்தான் அதுவும் குறையும். முதலில் சோற்றைப் பாதியாக்கி, கூட்டு பொரியல் சுண்டலை ஏற்றுங்க, சாயில் சர்க்கரையை நிறுத்துங்க, வேக நடை தினமும் அரை மணி. வெறும் வயிற்றுச் சர்க்கரை, ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிடுங்க.

செம்பூர்வாசி:
அளந்தேன், 93 வருகிறது. சனிக்கிழமை பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கிறேன் டாக்டர். அண்ணனுக்கு 42 வயது, இதே உடல்வாகு, அவரையும் கூட்டிப்போகிறேன்.

மாதுங்கா டாக்டர்:
கட்டாயம் கூட்டிப்போங்க. ஹெச்பிஏ1சி-யும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்க, முந்தைய இரண்டு மூணு மாசச் சர்க்கரையின் சராசரி அதில் தெரியும்.