விடுதி எண்ணும் சமூக எண்ணும்: பெருந்தொற்றுக் காலச் செய்திகள் வெளிநாட்டு ஊழியர்களை நாம் பார்க்கும் பார்வையை மாற்றினவா?

கேள்வி (உயர்நிலைப் பள்ளி ஆசிரியை, சிங்கப்பூர்)

வணக்கம். செய்தி வாசிப்பு குறித்த பாடம் ஒன்றுக்காக 2020ஆம் ஆண்டின் கொரோனாப் பெருந்தொற்றுச் செய்திகளை மீண்டும் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அப்போது எழுந்த ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன்.

அந்த ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி பொங்கோலிலுள்ள எஸ்11, தோ குவானிலுள்ள வெஸ்ட்லைட் ஆகிய இரண்டு வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகள் தனிமைப்படுத்தப்பட்ட பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. ஏறத்தாழ 20,000 பேர் வெளியே வர முடியாமல் உள்ளேயே இருந்தனர். ஏப்ரல் 20ஆம் தேதி ஒரே நாளில் 1,426 பேருக்குத் தொற்று உறுதியானது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் விடுதிவாசிகள். சுகாதார அமைச்சின் அன்றாட அறிக்கை இந்த எண்ணிக்கையைச் சமூகத்தில் இத்தனை, விடுதிகளில் இத்தனை என்று பிரித்துத் தந்தது. நாளிதழ், வானொலி, தொலைக்காட்சி என எல்லாம் அதையே வழிமொழிந்தன.

என் தந்தைக்கு அரசாங்கத்தின் வாட்ஸ்அப் தகவல் நாள்தோறும் வரும். மொத்த எண் ஆயிரத்தைத் தாண்டிய நாள்களிலும் அவர் என்னிடம் கேட்பது, "வெளியே எத்தனையம்மா?" என்பதுதான். அது சிறிய எண்ணாக இருந்துவிட்டால், "பரவாயில்லை, இன்றைக்குக் குறைவு" என்று கைப்பேசியைக் கீழே வைத்துவிடுவார். அவர் இரக்கமற்றவர் அல்லர். தீபாவளியன்று எங்கள் புளோக்கைக் கூட்டிப் பெருக்கும் ஊழியருக்குப் பலகாரம் கொடுத்த பிறகே எங்களைச் சாப்பிட விடுவார். அப்படிப்பட்டவருக்கே அந்த ஆயிரம் பேர் கணக்கில் வராமல் போனதற்குச் செய்தி எழுதப்பட்ட முறை காரணமா, அல்லது ஏற்கெனவே மனத்தில் இருந்ததைத்தான் செய்தி வெளியே கொண்டுவந்ததா? உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

பதில் 1 (ஓய்வுபெற்ற துணையாசிரியர்)

செய்தி மேசையில் பல ஆண்டுகள் அமர்ந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். எண்ணிக்கையைப் பிரித்ததற்கு ஒரு நியாயம் இருந்தது. நெருக்கமான விடுதியில் தொற்று பரவும் வேகமும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் பரவும் வேகமும் வெவ்வேறு. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் கட்டுப்பாடுகள் பலன் தருகின்றனவா என்று கணிக்க முடியாது. மருத்துவர்களுக்கு அந்தப் பிரிவினை தேவைப்பட்டது. ஆனால் அட்டவணைக்காக உருவான சொல்லைத் தலைப்பில் ஏற்றும்போது அதன் பொருள் மாறிவிடுகிறது. 'சமூகத்தில் தொற்று' என்று ஒரு வரியும் 'விடுதியில் தொற்று' என்று மறுவரியும் மாதக்கணக்கில் வந்தால், விடுதியில் இருப்பவர் சமூகத்தில் சேராதவர் என்ற எண்ணம் யாரும் வாதிடாமலேயே மனத்தில் படிந்துவிடும். கருத்துப் பத்தியை எதிர்த்து மறுகடிதம் எழுதலாம், அட்டவணையை எதிர்த்து யார் எழுதுவார்?

செய்தி எப்போது தொடங்கியது என்பதையும் பாருங்கள். ஓர் அறையில் 12 முதல் 20 பேர் தங்கியிருப்பதால் ஆபத்து இருக்கிறது என்று வெளிநாட்டு ஊழியர் நலனுக்காகச் செயல்படும் டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுண்ட் டூ அமைப்பு மார்ச் 23ஆம் தேதியே நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் எச்சரித்திருந்தது. அது கடிதமாகவே நின்றது. நோய் வந்த பிறகுதான் அந்த அறைகள் முதல் பக்கத்துக்கு வந்தன. இதனால் பல வாசகர்களுக்கு விடுதி என்ற சொல்லும் நோய் என்ற சொல்லும் ஒன்றாகவே அறிமுகமாயின. ஏப்ரலில் லியன்ஹ சாவ்பாவ் என்ற சீன நாளிதழில், ஊழியர்களின் பழக்கவழக்கங்களே தொற்றுக்குக் காரணம் என்று ஒரு வாசகர் கடிதம் வெளிவந்து, அதைச் சட்ட அமைச்சர் கா. சண்முகம் வெளிப்படையாகக் கண்டிக்க நேர்ந்தது நினைவிருக்கும். அறையில் எத்தனை கட்டில் என்ற தகவலை நாங்கள் முன்னதாகவே அழுத்தமாகச் சொல்லியிருந்தால், அந்தக் கடிதத்தை எழுதியவருக்கு வேறு விளக்கம் ஒன்று கையில் இருந்திருக்கும். இந்தக் குறையில் எனக்கும் பங்குண்டு என்றே கருதுகிறேன்.

பதில் 2 (சிராங்கூன் கார்டன்ஸ் பகுதிவாசி)

ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் முழுப் பழியையும் செய்தியின் மீது ஏற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 2008ஆம் ஆண்டில் எங்கள் வட்டாரத்தில் காலியாக இருந்த பள்ளிக் கட்டடத்தை ஊழியர் விடுதியாக்கும் திட்டம் வந்தபோது பெருந்தொற்று எதுவும் இல்லை. ஆயினும் ஏறத்தாழ 1,400 குடும்பங்கள் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டன. இறுதியில் விடுதி வந்தது, ஆனால் ஊழியர்கள் எங்கள் தெருக்கள் வழியாக வராதபடி அங் மோ கியோ பக்கம் தனிச் சாலையே போட்டுக் கொடுத்தார்கள். 2020இல் எண்ணிக்கை இரண்டாகப் பிரிவதற்கு முன்பே சாலை இரண்டாகப் பிரிந்திருந்தது.

பதில் 3 (கோலாலம்பூர்)

மலேசியாவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்த 2020 ஏப்ரலில், வெளிநாட்டவர் பெருமளவில் வசிக்கும் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தின் சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் ஆகிய கட்டடங்கள் முள்வேலியிட்டு அடைக்கப்பட்டன. அதே மாதம் மியன்மாரைச் சேர்ந்த ரொஹிங்கியா அகதிகள் வந்த படகு ஒன்று திருப்பி அனுப்பப்பட்டது. சமூக ஊடகங்களில் அவர்களுக்கு எதிரான வெறுப்புப் பதிவுகள் குவிந்தன. தொற்று, வேலி, அந்நியர் ஆகிய மூன்றையும் ஒரே திரையில் தொடர்ந்து பார்த்த பலருக்கு, மே 1ஆம் தேதி அந்த வட்டாரத்தில் நூற்றுக்கணக்கானோர் கைது செய்யப்பட்டது சுகாதார நடவடிக்கையாகவே தெரிந்தது. அதே மாதக் கடைசியில் புக்கிட் ஜாலில் குடிநுழைவுத் தடுப்பு முகாமிலேயே தொற்றுக் குழுமம் உருவானது. நோய்க்கு அஞ்சிச் செய்த கைதுகள் மக்களை இன்னும் நெருக்கமான இடத்தில் கொண்டுபோய் அடைத்தன என்ற தொடர்பை, கைதுகளை வரவேற்ற என் நண்பர்கள் எவரும் கவனிக்கவே இல்லை.

பதில் 4 (முன்னாள் கட்டுமான ஊழியர், புதுக்கோட்டை மாவட்டம்)

ஆசிரியைக்கு வணக்கம். நான் அந்த எண்ணிக்கைக்குள் இருந்தவன். விடுதியின் பெயர் வேண்டாம். எங்கள் அறையில் 14 பேர். ஏப்ரல் நடுவில் கதவு அடைக்கப்பட்ட பிறகு உணவுப் பொட்டலம் வாசலுக்கு வரும். கழிவறைக்குப் போக எங்கள் தளத்துக்கென்று நேரம் ஒதுக்கினார்கள். மாலையில் எல்லோரும் கைப்பேசியில் செய்தி பார்ப்போம். உங்கள் தந்தை "வெளியே எத்தனை" என்று கேட்ட அதே நேரத்தில், நாங்கள் "உள்ளே எத்தனை" என்று கேட்டுக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவருடைய பெயர் அழைக்கப்பட்டு, பையுடன் பேருந்தில் ஏறினால், அவர் மறுநாள் எண்ணில் ஒன்றாக வருவார் என்று எங்களுக்குத் தெரியும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். செய்தியால் தீமை மட்டும் நடக்கவில்லை. எங்கள் நிலை வெளியே தெரிந்ததால்தான் முன்பின் தெரியாதவர்கள் தொலைபேசிக் கட்டணம் போட்டு விட்டார்கள், சாப்பாடு அனுப்பினார்கள். புதிதாகக் கட்டும் விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்று 2021இல் விதி வந்தது. ஆனால் மற்றவர்கள் 2020 ஜூனிலேயே கடைக்குப் போகத் தொடங்கியபோது, எங்களில் தடுப்பூசி போட்டவர்களில் வாரத்துக்கு 500 பேரை லிட்டில் இந்தியா போன்ற இடங்களுக்கு அனுப்பிப் பார்க்கும் சோதனைத் திட்டம் 2021 செப்டம்பரில்தான் வந்தது. நாங்கள் அத்தனை காலம் உள்ளே இருந்தது யாருக்கும் உறுத்தாமல் போனதற்கு அந்த இரண்டு வரிக் கணக்கு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

விடுப்பில் ஊருக்கு வந்தபோது, எங்கள் தெருவில் சிலர் என் வீட்டைக் கடக்கும்போது எதிர்ப்பக்கம் ஒதுங்கி நடந்தார்கள். 'சிங்கப்பூர் விடுதிகளில் தமிழகத் தொழிலாளர்களுக்குக் கொரோனா' என்ற செய்தியை அவர்களும் பார்த்திருந்தார்கள். என் சொந்த ஊரிலும் நான் வெளியாளாகிப் போனேன்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. பதில் 2 சொல்வதுபோல் பிரிவு முன்பே இருந்தது என்பதை ஏற்கிறேன்; எனினும் அதை நாள்தோறும் புதுப்பித்தது அந்த அட்டவணைதான் என்ற எண்ணம் வலுப்படுகிறது. தந்தையின் கைப்பேசியில் பழைய தகவல்கள் இன்னும் அழியாமல் இருக்கின்றன. அவற்றை வகுப்புக்கு எடுத்துச் செல்லப் போகிறேன். அண்ணே, உங்கள் பதிலை மாணவர்களுக்கு வாசித்துக் காட்டலாமா?

பதில் 4 எழுதியவர்

தாராளமாக வாசியுங்கள், டீச்சர். 14 பேர் என்று சொல்லும்போது, ஏழு இரண்டடுக்குக் கட்டில்கள், இரண்டு மின்விசிறிகள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கரும்பலகையில் ஓர் அறையை வரைந்து, அந்தக் கட்டில்களை எங்கே போடுவது என்று பிள்ளைகளையே கேளுங்கள்.