மைக் வேலை செய்கிறது, படம் வரவில்லை: டெபியனில் ஒரே ஹப்பில் இரண்டு யூஎஸ்பி கேமராக்கள்

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். இணையவழியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்காக ஒரே மாதிரியான இரண்டு யூஎஸ்பி கேமராக்களை வைத்திருக்கிறேன். ஒன்று என் முகத்தைக் காட்டுகிறது. மற்றொன்றை மேசைக்கு மேலே ஒரு தாங்கியில் கவிழ்த்து மாட்டி, நான் தாளில் போடும் கணக்கை மாணவர்கள் வரிக்கு வரி பார்க்கும்படி செய்திருக்கிறேன். இயங்குதளம் டெபியன் 12 என்னும் லினக்ஸ்; அதன் மையநிரலான கர்னல் 6.1. மடிக்கணினியில் ஒரே ஒரு யூஎஸ்பி போர்ட்தான் இப்போது வேலை செய்கிறது என்பதால், இரண்டு கேமராக்களும் ஒரு ஹப் வழியாகவே இணைகின்றன.

எந்தக் கேமராவைத் தனியாகச் செருகினாலும் படம் வருகிறது. இரண்டையும் செருகினால், முதலில் திறந்த கேமரா ஓடுகிறது. இரண்டாவது திறக்க மறுக்கிறது. ஆனால் அந்த இரண்டாவது கேமராவில் உள்ள மைக் மட்டும் குறையில்லாமல் ஒலிப்பதிவு செய்கிறது. இணைந்துள்ள யூஎஸ்பி சாதனங்களைக் காட்டும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையின் பட்டியலிலும் இரண்டும் இருக்கின்றன. ஓட மறுக்கும் கேமராவை படம் காட்டும் எஃப்எஃப்பிளே செயலி கொண்டு முனையத்தில் திறந்தபோது, ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ (சாதனத்தில் இடமில்லை) என்ற பிழைச்செய்தி வந்தது. வட்டு நிரம்பிவிட்டது என்று எண்ணி, பழைய பதிவுகளையெல்லாம் அழித்து 40 ஜிபி இடம் ஒதுக்கிய பிறகும் அதே செய்திதான் வருகிறது.

இன்னும் இரண்டு ஐயங்கள் உண்டு. ஒரு கேமரா மட்டும் செருகியிருக்கும்போதும் 640க்கு 480 அளவில் நொடிக்கு 30 ஃபிரேம் கிடைக்கிறது. 1280க்கு 720 என்று மாற்றினால் 10 ஃபிரேமுக்கு மேல் வருவதில்லை. அத்துடன், ஒரு கேமராவுக்கு டெவ் அடைவில் வீடியோ0, வீடியோ1 என இரண்டு கோப்புகள் தோன்றுகின்றன. வீடியோ1-ஐத் திறந்தால் படமே இல்லை. கேமராவே பழுதா, ஹப் பழுதா, அல்லது கேமராவை இயக்கும் மென்பொருளான டிரைவரில் குறையா? வகுப்புக்கு இரண்டும் ஒரே நேரத்தில் எனக்குத் தேவைப்படுகின்றன.

மறுமொழி 1

ஆசிரியருக்கு வணக்கம். பாதி வேலை செய்யும் யூஎஸ்பி சாதனம் என்றால் நான் முதலில் மின்சாரத்தைத்தான் சந்தேகிப்பேன். யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தரக்கூடியது 500 மில்லி ஆம்பியர். தனி மின்னிணைப்பு இல்லாத ஹப் அதையே எல்லாச் சாதனங்களுக்கும் பிரித்துக் கொடுக்கவேண்டியிருக்கிறது. கேமராவின் உணரி இயங்கத் தொடங்கும் நொடியில் மின்னோட்டம் உயரும் என்பதால், பட்டியலில் தெரிந்தும் படம் வராமல் போவதற்கு அது ஒரு காரணமாகலாம். அடாப்டர் உள்ள ஹப் கிடைத்தால் மாற்றிப் பாருங்கள். மின்சாரக் குறை என்றால் கர்னல் பதிவில் சாதனம் துண்டிக்கப்பட்டு மீண்டும் இணைந்த வரிகள் பெரும்பாலும் இருக்கும். ஆகவே இரண்டாவது கேமராவைத் திறக்க முயன்றவுடன் அந்தப் பதிவைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையின் கடைசி வரிகளைப் பார்த்து, அவற்றில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்

உடன் பதிலளித்ததற்கு நன்றி. தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி 3.0 ஹப் ஒன்றை இரவல் வாங்கிச் சோதித்தேன். எந்த மாற்றமும் இல்லை. கர்னல் பதிவில் துண்டிப்பு எதுவும் காணப்படவில்லை. இரண்டாவது கேமராவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், சாதனத்தின் புதிய நிலைக்குப் போதிய பேண்ட்விட்த் (தரவு செல்லும் கொள்ளளவு) இல்லை என்ற பொருளில் ஒரே ஒரு வரி மட்டும் சேர்கிறது. யூஎஸ்பி 3.0 ஹப்பிலும் பேண்ட்விட்த் போதவில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

மறுமொழி 2

நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியிலேயே விடை இருக்கிறது. உங்கள் கேமராக்களும் ஹப்பும் நலமாகத்தான் இருக்கின்றன. ‘இடமில்லை’ என்பது வட்டைப் பற்றிய பேச்சு அன்று. கர்னலில் 28ஆம் எண் பிழைக்கு அந்த ஒரே வாசகம்தான் உண்டு. யூஎஸ்பி துணையமைப்பு அதே எண்ணை ‘கம்பியில் முன்பதிவு செய்ய இடமில்லை’ என்ற பொருளில் திருப்பி அனுப்புகிறது. இதனால் வட்டைத் துடைத்தவர்கள் பலர்; உங்கள் பழைய பதிவுகளுக்கு நகல் இருக்கும் என்று நம்புகிறேன்.

பென் டிரைவ் போன்ற சாதனங்கள் கம்பியில் மிச்சமிருக்கும் நேரத்தில் தரவை அனுப்புகின்றன. நெரிசல் இருந்தால் மெதுவாகுமே தவிர, திறக்க மறுப்பதில்லை. பெரும்பாலான வெப்கேம்களும் மைக்கும் வேறு வகை. அவை ஒவ்வொரு சிறு கால இடைவெளியிலும் தமக்கென்று இவ்வளவு பைட் என முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்கின்றன. ஒதுக்க முடியாவிட்டால் ஒரு ஃபிரேம்கூட வராது. யூஎஸ்பி 2.0 கம்பியின் வேகம் நொடிக்கு 480 மெகாபிட். அந்த ஒரு நொடி 8000 துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஆகவே ஒரு துண்டில் செல்லக்கூடியது 7500 பைட். இதில் முன்பதிவுக்கு 80 விழுக்காடு, அதாவது 6000 பைட் வரைதான் தரலாம் என்பது விதி. ஒரு கேமரா ஒரு துண்டில் கேட்கக்கூடிய உச்ச அளவு 3072 பைட். உங்களிடம் உள்ளவை இரண்டுமே அந்த உச்சத்தைக் கேட்கின்றன என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 6144 ஆகிறது. 144 பைட் கூடிப்போனதால்தான் இரண்டாவது கேமரா வாசலில் நிறுத்தப்படுகிறது.

மைக் ஏன் வேலை செய்கிறது என்பதும் இதிலேயே விளங்கும். உங்கள் கேமரா ஒரு சாதனம்போல் தெரிந்தாலும் அதற்குள் படத்துக்கும் ஒலிக்கும் தனித்தனி இடைமுகங்கள் உள்ளன. படத்தை, யூவிசி என்னும் பொது வரையறையில் அமைந்த யூஎஸ்பி கேமராக்களுக்கான யூவிசிவீடியோ டிரைவரும் ஒலியை வேறொரு டிரைவரும் ஏற்கின்றன. 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம் என்றால் ஒலிக்கு வேண்டியது நொடிக்கு 96,000 பைட்தான். துண்டுக்கு 12 பைட். எவ்வளவு நெரிசலிலும் அது உள்ளே நுழைந்துவிடும்.

720 அளவில் 10 ஃபிரேமில் நின்றுவிடுவதற்கும் இந்தக் கணக்கே காரணம். சுருக்கப்படாத ஒய்யூஒய்வி வடிவத்தில் பிக்சலுக்கு 2 பைட். 640க்கு 480 படம் ஒன்று 6,14,400 பைட். 1280க்கு 720 படம் 18,43,200 பைட், அதாவது சரியாக மூன்று மடங்கு. எனவே முதலாவது 30 ஃபிரேமும் இரண்டாவது 10 ஃபிரேமும் நொடிக்கு ஒரே அளவு தரவைத்தான் அனுப்புகின்றன: ஏறத்தாழ 18.4 மெகாபைட். ஒரு கேமராவின் உச்ச வரம்பே நொடிக்கு ஏறத்தாழ 24.6 மெகாபைட்தான் என்பதால், 720 அளவில் 30 ஃபிரேம் வேண்டுமானால் எம்ஜேபெக் என்னும் சுருக்கப்பட்ட வடிவத்துக்கு மாறவேண்டும். கேமரா அமைப்புகளைக் காட்டும் வி4எல்2-சிடிஎல் கட்டளையில் வடிவங்களை விரிவாகப் பட்டியலிடும் விருப்பத்தைக் கொடுத்தால், எந்த வடிவத்தில் எத்தனை ஃபிரேம் என்பதைக் கேமராவே சொல்லும்.

இனி செய்யவேண்டியது இதுதான். கேமராக்கள் பல, தமக்கு உண்மையில் வேண்டியதைவிட மிக அதிகமாக ஒதுக்கீடு கேட்கின்றன. கேமரா சொல்வதை நம்பாமல், படத்தின் அளவைக் கொண்டு டிரைவரே கணக்கிடும்படி செய்ய அதன் ‘குவிர்க்ஸ்’ என்ற அளபுருவுக்கு (அமைப்பு மதிப்புக்கு) 128 என்ற மதிப்பைக் கொடுக்கலாம். கேமராவைப் பயன்படுத்தும் செயலிகளையெல்லாம் மூடிவிட்டு, கர்னல் கூறுகளை ஏற்றி நீக்கும் மோட்புரோப் கட்டளையால் யூவிசிவீடியோ என்னும் டிரைவர் கூறினை நீக்கி, இந்த மதிப்போடு மீண்டும் ஏற்றுங்கள். ஆனால் இந்தக் கணக்கு சுருக்கப்படாத வடிவத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பதை மறவாதீர்கள். எம்ஜேபெக் படம் எவ்வளவு பெரிதாக வரும் என்று டிரைவருக்கு முன்கூட்டித் தெரியாது. ஆகவே அங்கே கேமரா சொல்வதே இறுதி.

மறுமொழி 3

மேலே உள்ள விளக்கம் முழுவதும் சரி. யூஎஸ்பி 3.0 ஹப் ஏன் உதவவில்லை என்பதை மட்டும் சேர்க்கிறேன், ஏனெனில் இதை நம்பிப் புதிய ஹப் வாங்கி ஏமாறுபவர்கள் அதிகம். அந்த ஹப்புக்குள் யூஎஸ்பி 2.0 பாதையும் 3.0 பாதையும் தனித்தனியாக ஓடுகின்றன, 2.0 கேமராவின் தரவு 3.0 பாதைக்கு ஏறவே ஏறாது. எல்எஸ்யூஎஸ்பி கட்டளையோடு மரவடிவம் காட்டும் ‘டி’ விருப்பத்தைச் சேர்த்துப் பார்த்தால், உங்கள் கேமராக்கள் இரண்டும் ஒரே கிளையின் கீழ் 480எம் என்ற குறிப்புடன் நிற்பதைக் காணலாம். அதே வெளியீட்டில் பஸ் 1, பஸ் 2 என்று தெரிவதை இரண்டு தனிக் கட்டுப்படுத்திகள் என்று கொள்ளவேண்டாம். பெரும்பாலும் அவை ஒரே சில்லின் 2.0 முகமும் 3.0 முகமும்தான்.

வீடியோ1 கோப்பில் படம் இல்லாதது பிழையன்று. கர்னல் 4.16 முதல், யூவிசி கேமராக்களுக்குப் படக் கோப்போடு நேரமுத்திரை போன்ற துணைத்தரவுக்கென இன்னொரு கோப்பும் உருவாக்கப்படுகிறது. உங்களிடம் படத்துக்குரியவை வீடியோ0, வீடியோ2 என்றே இருக்கும்.

கேள்வி கேட்டவர்

இரண்டு நாள் பொறுமையாகச் சோதித்துவிட்டு எழுதுகிறேன். எல்எஸ்யூஎஸ்பியின் விரிவான வெளியீட்டில் கேமராவின் பட இடைமுகத்துக்குப் பல மாற்று அமைப்புகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் ‘2x 768’ (அதாவது 1536) என்றும், கடைசியில் ‘3x 1024’ என்றும் எழுதியிருந்தது. நீங்கள் சொன்ன 3072 அதுதான் என்று கண்டபோது மிகுந்த நிறைவு ஏற்பட்டது.

முதலில் குவிர்க்ஸ் மதிப்பை 128 ஆக்கி, இரண்டு கேமராக்களையும் எம்ஜேபெக் வடிவில் திறந்தேன். நீங்கள் எச்சரித்தபடியே இரண்டாவது மறுத்தது. பிறகு முகம் காட்டும் கேமராவை மட்டும் எம்ஜேபெக்கில் 1280க்கு 720 ஆக விட்டுவிட்டு, மேசைக் கேமராவை ஒய்யூஒய்வி வடிவில் 640க்கு 480, நொடிக்கு 15 ஃபிரேம் என்று அமைத்தேன். இரண்டும் திறந்தன. 15 ஃபிரேமுக்கு என் கணக்கில் துண்டுக்கு 1152 பைட் வருகிறது. டிரைவர் சற்றுக் கூட்டி எடுத்துக்கொண்டாலும் 1536-க்குள் அடங்கிவிடும் அல்லவா? எழுதும் கைக்கு 15 ஃபிரேம் போதுமானதாகவே இருக்கிறது. பேனாவின் முனை தாளில் தொடங்கும் இடம்கூடத் தெளிவாகத் தெரிகிறது.

இரண்டு சிக்கல்கள் எஞ்சியுள்ளன. கணினியை மறுதொடக்கம் செய்தால் 128 மறைந்துவிடுகிறது. சில நாள் முகக் கேமரா வீடியோ0 ஆகவும் சில நாள் வீடியோ2 ஆகவும் மாறுவதால், எஃப்எஃப்பிளேக்கு நான் எழுதிவைத்த சிறு நிரல் தவறான கேமராவைத் திறக்கிறது.

மறுமொழி 2

உங்கள் கணக்கு சரி. டிரைவர் ஃபிரேம் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டி, தலைப்புக்கென 12 பைட்டையும் சேர்ப்பதால் உங்களுக்கு ஏறத்தாழ 1240 வரும். அதற்குப் போதுமான மிகச் சிறிய அமைப்பாக அது 1536-ஐத் தேர்ந்திருக்கும். 3072-உடன் கூட்டினால் 4608. அதனால்தான் இரண்டும் இடம்பிடித்தன.

மதிப்பு நிலைப்பதற்கு, ஈடிசி அடைவின் கீழுள்ள மோட்புரோப்.டி என்னும் அடைவில் ‘கான்ஃப்’ என்று முடியும் பெயரில் ஒரு கோப்பை உருவாக்கி, ‘ஆப்ஷன்ஸ் யூவிசிவீடியோ குவிர்க்ஸ்=128’ என்ற ஒரே வரியை ஆங்கில எழுத்தில் எழுதிச் சேமியுங்கள். சிஸ் அடைவில் அந்தக் கூறுக்குரிய அளபுருக் கோப்பைப் படித்தால் 128 என்று தெரியவேண்டும். 4294967295 என்று தெரிந்தால் எதுவும் அமைக்கப்படவில்லை என்று பொருள். இந்த மதிப்பு மடிக்கணினியில் பொதிந்துள்ள கேமரா உட்பட எல்லா யூவிசி கேமராக்களுக்கும் பொருந்துவதோடு, சில மாடல்களுக்கென டிரைவரில் ஏற்கெனவே எழுதப்பட்டுள்ள திருத்தங்களின் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. ஆகவே பொதிந்த கேமரா பின்னர் ஏதேனும் தொல்லை தந்தால் முதலில் இந்த வரியை நீக்கிப் பாருங்கள்.

மறுமொழி 3

கோப்புப் பெயர் மாறுவதற்கு: டெவ் அடைவுக்குள் வி4எல் என்றோர் அடைவு இருக்கிறது, அதில் ‘பை-ஐடி’, ‘பை-பாத்’ என இரண்டு உள்ளடைவுகள் உண்டு. உங்கள் கேமராக்கள் ஒரே மாடல் என்பதாலும், இவ்வகைக் கேமராக்கள் பலவற்றில் தனி வரிசை எண் இருப்பதில்லை என்பதாலும், முதலாவதில் இரண்டுக்கும் ஒரே பெயர் வந்து ஒன்று மற்றதை மறைத்துவிடக்கூடும். இரண்டாவது அடைவு, கேமரா எந்தப் போர்ட்டில் செருகப்பட்டிருக்கிறது என்பதைக் கொண்டு பெயரிடுகிறது. உங்கள் நிரலில் வீடியோ0 என்பதற்குப் பதிலாக அந்தப் பாதையை எழுதுங்கள். குறியீட்டெண் 0 என்று முடிவதே படக் கோப்பு. ஹப்பில் மேசைக் கேமராவுக்குரிய துளையின் அருகே ஒரு சிறு ஒட்டுத்தாளில் அடையாளமிட்டு, எப்போதும் அதிலேயே செருகிவாருங்கள்.

கேள்வி கேட்டவர்

இரண்டையும் செய்தேன். மூன்று முறை மறுதொடக்கம் செய்தும் முகம் முகமாகவும் மேசை மேசையாகவும் வருகின்றன. இன்று மாலை வகுப்பை இரண்டு கேமராக்களோடும் நடத்தினேன். முக்கால் மணி நேரத்தில் ஒருமுறைகூடப் படம் நிற்கவில்லை. பொறுமையோடு வழிகாட்டிய மூவருக்கும் மனமார்ந்த நன்றி.