விமான நிலைய லவுஞ்சுக்குள் வீட்டுச் சாப்பாடு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஓமலூரிலிருந்து:
2023 அக்டோபரில் சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்திலிருந்து மறுபடி விமானம் பறக்கத் தொடங்கியபின் எங்கள் வீட்டுப் பெரியவர்களும் விமானம் ஏறுகிறார்கள். கூடவே கட்டுச்சோறும் ஏறுகிறது. சென்னையில் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில், வங்கி அட்டையைக் காட்டி, உட்காரவும் சாப்பிடவும் வசதி உள்ள ஓய்வறையான லவுஞ்சுக்குள் போனோம். வெளி உணவு கூடாது என்பது பெரும்பாலான லவுஞ்சுகளில் விதி. அம்மாயிக்குச் சர்க்கரை. மாத்திரை போட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும். அங்கே இருந்ததோ பூரி, நூடுல்ஸ், கேசரி. டப்பாவைத் திறக்காமல் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் போய், "பெரியவங்களுக்கு மட்டும் ராகி அடை இருக்குங்க, சாப்பிட விடுவீங்களா?" என்று கேட்டேன். "அந்த ஓரமா உக்காரச் சொல்லுங்கக்கா" என்று தட்டும் கொடுத்து அனுப்பினார். நாங்கள் மற்றவர்கள் அங்கே இருந்ததைத்தான் சாப்பிட்டோம்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:
அக்கா, கேட்டுச் சாப்பிட்டது நல்லதுங்க. நான் பார்த்தது வேறு. நம் ஊர்க் குடும்பம் ஒன்று தட்டுவடை, துருவிய பீட்ரூட், பூண்டுச் சட்னி எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, வடைக்கு நடுவில் வைத்து செட் போட ஆரம்பித்துவிட்டார்கள். தட்டுவடை செட் எனக்கும் உயிர்தான். ஆனால் குளிரூட்டிய மூடிய அறையில் பூண்டு வாசம் போக வழியே இல்லை. பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் போனார். மேசை துடைக்கும் பையன் வந்து தணிவாகச் சொன்னதற்கு, "காசு குடுத்துத்தானே வந்திருக்கோம்" என்று சத்தம் போட்டார்கள். மேற்பார்வையாளர் வந்து திட்டியது அந்தப் பையனைத்தான். எனக்கு வயிறெரிந்தது. விதியை அவனா போட்டான்? அங்கே யாருக்காவது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால், எதைத் தின்றதால் வந்தது என்று பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். அதற்காகத்தான் வெளி உணவை மறுக்கிறார்கள்.

ஏற்காட்டிலிருந்து:
கேட்டால் விட்டுவிடுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். எங்களுக்கு ஒரு இடத்தில் முடியாது என்றே சொன்னார்கள். குழந்தையின் கஞ்சிக்கு மட்டும் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார்கள். பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் விமானம் ஏறும் கேட் பக்கம் நாற்காலிகள் கிடக்கின்றன. அங்கே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடலாம், யாரும் தடுப்பதில்லை. அதன்பிறகு லவுஞ்சுக்குப் போய் ஒரு காபி குடியுங்கள். எப்படியும் உள்ளே இரண்டு மூன்று மணி நேரம்தான் இருக்க விடுகிறார்கள். தோட்டத்து ஆரஞ்சை அங்கே உரித்தாலும் வாசம் அறை முழுக்கப் பரவும். பலாச்சுளையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இன்னொன்று: அங்கிருந்து வடையையும் பிஸ்கட்டையும் பையில் போட்டுக்கொண்டு வருவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கேயே சாப்பிடத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஓமலூரிலிருந்து:
கேட் பக்கம் சாப்பிடுவது நல்ல யோசனைங்க, அடுத்த முறை அப்படித்தான். வெளிநாடு போகிறவர்கள் சட்னி டப்பாவை மட்டும் கைப்பையில் வைக்காதீர்கள். அதையும் திரவம் என்றே கணக்கு வைப்பார்கள், 100 மில்லிக்கு மேல் விடுவதில்லை. பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லிக்குச் சட்னியே வேண்டாம். வாழையிலையில் கட்டிவிட்டால் மதியம் வரை கெடாது.