உணர்பாலின வாழ்வு: 'சோஷியல் டிரான்சிஷன்' என்பதற்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம். பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்தை விட்டு, தான் உணரும் பாலினத்தில் மருத்துவ சிகிச்சை ஏதுமின்றி ஒருவர் வாழத் தொடங்குவதுதான் 'சோஷியல் டிரான்சிஷன்'. அதற்குத் தமிழில் என்ன சொல் என்ற நம் பேச்சில் வந்த பரிந்துரைகளுக்கு என் பதில் இது.

> 'சமூக மாற்றம்' என்றே வைத்துக்கொள்ளலாமே? எளிதாகப் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். சமூக மாற்றம் என்றதும் சீர்திருத்தம்தான் நினைவுக்கு வரும். 'சமூகப் பாலின மாற்றம்' என்ற பரிந்துரையில் எனக்கு இன்னும் பெரிய தயக்கம். பாலின மாற்றம் என்றாலே வாசிப்பவர் மனம் அறுவை சிகிச்சைக்குப் போய்விடுகிறது. செய்திகள் நம்மை அப்படிப் பழக்கியிருக்கின்றன. 8 வயதுப் பிள்ளை முடி வளர்த்து, வேறு பெயரில் பள்ளிக்குப் போவதைப் பற்றிய கட்டுரையில் இச்சொல் வந்தால், அந்தப் பெற்றோர் குழந்தையைக் கத்திக்குக் கொடுத்துவிட்டதாகவே படிப்பார்கள். பருவ வளர்ச்சியை நிறுத்திவைக்கும் மருந்துகூடப் பருவமாற்றம் தொடங்கிய பிறகே பேச்சுக்கு வரும். அந்த வயதில் மாறுவது பெயர், உடை, முடி, பிறர் அழைக்கும் விதம்.

அழைக்கும் விதம் தமிழில் சின்ன விஷயமில்லை. வந்தான், வந்தாள் என்று வினைமுற்றே பாலைச் சொல்லிவிடும். பெரியவர்களை 'வந்தார்' என்று சொல்லிச் சமாளிக்கலாம். வீட்டுப் பிள்ளையை யார் 'அவர்' என்பார்கள்? நேற்றுவரை 'அண்ணா' என்று கூப்பிட்ட தங்கை, சாப்பிட உட்காரும்போது 'அக்கா, தள்ளி உக்காரு' என்கிறாளே, அந்த இடத்தை நம் சொல் பிடிக்க வேண்டும்.

என் பரிந்துரை: உணர்பாலின வாழ்வு.

'உணர்பாலினம்' வினைத்தொகை. உணர்ந்த, உணர்கின்ற, உணரும் என மூன்று காலத்துக்கும் இடம் கொடுக்கும். வளரும் பிள்ளைகளுக்கு இது மிகவும் பொருந்துகிறது என்பது என் எண்ணம். அமெரிக்காவில் கிறிஸ்டினா ஓல்சன் குழுவினர், இப்படி வாழத் தொடங்கிய 317 சிறாரைத் தொடர்ந்து கவனித்து 2022இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சராசரியாக 5 ஆண்டுகளுக்குப் பிறகும் 94 சதவீதத்தினர் வாழத் தொடங்கிய அந்தப் பாலினத்திலேயே இருந்தார்கள்; மற்றவர்களின் உணர்வு வேறு திசையில் போயிருந்தது. இங்கிலாந்தில் சிறாருக்கான பாலின அடையாள மருத்துவ சேவைகளை ஆராய்ந்து 2024இல் வந்த காஸ் அறிக்கை பருவமடையாத சிறார் விஷயத்தில் நிதானம் வேண்டும் என்கிறது. கலைச்சொல் இந்த விவாதத்தில் ஒரு பக்கம் சாயக் கூடாது. அந்தப் பிள்ளை இன்று எப்படி வாழ்கிறது என்பதைச் சொன்னால் போதும்.

> 'உணர்' என்றால் வெறும் உணர்ச்சி, கற்பனை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

உணர்தல் நமக்கு அறிதலும்தான். கற்றுணர்ந்தவர் என்கிறோம், அதில் கற்பனை எங்கே இருக்கிறது? 'தன்பாலின வாழ்வு' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அழகான சொல், ஆனால் 'தன்பால்' ஏற்கெனவே தன்பாலீர்ப்பில் நிலைத்துவிட்டது. இரண்டும் குழம்பும்.

எழுதிப் பார்த்தேன்: 'மூன்றாம் வகுப்பில் உணர்பாலின வாழ்வைத் தொடங்கினாள், வருகைப் பதிவேட்டிலும் புதுப் பெயரை எழுதிக்கொண்டார் ஆசிரியை.' நெருடவில்லை.

பிள்ளைகளைக் குறிக்கத் 'திருநர் சிறார்' போதும். திருநங்கை, திருநம்பி இரண்டும் வளர்ந்தவர்களுக்கான சொற்கள். 8 வயதுப் பிள்ளையைத் திருநங்கை என்று எழுதும்போது அதன் வயது மறைந்துவிடுகிறது.

ஒன்று பாக்கி. தொடங்கிய வாழ்வை விட்டு முன்பிருந்த பாலினத்துக்கே வருபவர்களுக்கு என்ன சொல்? 'மீட்சி' வேண்டவே வேண்டாம், நோயிலிருந்து தேறியது போல ஒலிக்கும். 'திரும்புதல்' தவறாகப் போனதைத் திருத்திக்கொண்டது போல இருக்கிறது. குற்றமும் பழியும் ஒட்டாத ஒரு சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.