சுண்டெலியா, எலியா? ஆர்பிபி4 வெஸ்டர்னில் எல்லா லேனிலும் ஒரே மாதிரி பேண்ட்

விடியல்ஜெல்: நாளை லேப் மீட்டிங், அவசரம். வைட்டமின் ஏ இல்லாத தீனி கொடுத்த குழு, சாதாரணக் குழு, வெஸ்டர்னில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் கண்டறியும் சோதனை) இரண்டின் சீரத்திலும் ஆர்பிபி4 (ரத்தத்தில் வைட்டமின் ஏ-வைச் சுமக்கும் புரதம்) ஒரே அளவு. 20 கிலோடால்டனுக்கு (புரத எடை அலகு) சற்று மேலே தடியாக ஒரு பேண்ட் (புரதக் கோடு), 50-இல் இன்னொன்று. 50-இல் இருப்பது டைமரா, அதாவது இரண்டு ஆர்பிபி4 ஒட்டிய ஜோடியா?

புரதன்: எந்த விலங்கு? ஆன்டிபாடி எதில் தயாரானது? அதைப் பிடித்துக் காட்டும் செகண்டரி ஆன்டிபாடி என்ன?

ஈரல்பிரியன்: தீனி எத்தனை வாரம்? ஈரலில் ரெட்டினால் (வைட்டமின் ஏ) சேமிப்பு தீரும்வரை சீரத்தில் ஆர்பிபி4 பெரிதாகக் குறையாது. தீர்ந்த பிறகு வெளியே போக முடியாமல் ஈரலிலேயே தேங்கும். ஈரல் சாம்பிளையும் ஓட்டுங்கள், அங்கே கூடியிருக்க வேண்டும்.

பழையபிப்பெட்: அடிப்படையைப் படித்துவிட்டு வந்து கேட்கலாமே. ஆர்பிபி4 ரத்தத்தில் டிரான்ஸ்தைரெட்டின் என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும். இல்லாவிட்டால் சிறுநீரகத்தில் வடிந்துவிடும். சாம்பிளைக் கொதிக்க வைக்கவில்லை, அதுதான் கூட்டாகத் தெரிகிறது.

புரதன்: கூட்டு என்றால் டிரான்ஸ்தைரெட்டின் 55, ஆர்பிபி4 21 சேர்ந்து 76-க்குப் பக்கம் வரணும். 50 கணக்கில் வராது.

தட்டு96: எலைசா (ஜெல் இல்லாமல், தட்டிலேயே ஆன்டிபாடியால் அளக்கும் சோதனை) போட்டால் ஒரே நாளில் முடியும்.

பழையபிப்பெட்: எலைசாவா? 2005-இல் ஆர்பிபி4-ஐ இன்சுலின் எதிர்ப்போடு இணைத்து ஆய்வு வந்த பிறகு ஆளாளுக்குக் கிட் வாங்கி அளந்தார்கள், முடிவுகள் ஒத்துப்போகவில்லை. டிரான்ஸ்தைரெட்டின் மறைக்கும் இடத்தில் ஆன்டிபாடி எப்படி ஒட்டும்?

தட்டு96: எல்லா ஆன்டிபாடியும் அந்த இடத்தையா தேடுகிறது? கிட்டைச் சரிபார்த்து வாங்கினால் போதும்.

விடியல்ஜெல்: சுண்டெலி சீரம். பிரைமரி, அதாவது ஆர்பிபி4-ஐத் தேடும் ஆன்டிபாடி, சுண்டெலி மோனோகுளோனல்; செகண்டரி ஆன்டி-மவுஸ் (சுண்டெலி ஆன்டிபாடியைப் பிடிப்பது). கொதிக்க வைத்தேன், புரதப் பிணைப்பை உடைக்கும் மெர்காப்டோஎத்தனாலும் உண்டு.

புரதன்: அப்போது நீங்கள் பார்ப்பது ஆர்பிபி4 இல்லை. சீரத்திலேயே இருக்கும் ஐஜிஜியை (சுண்டெலியின் சொந்த ஆன்டிபாடி) செகண்டரி பிடிக்கிறது. அதன் ஹெவி செயின் 50, லைட் செயின் 25. ஆர்பிபி4-இன் 21 அந்தத் தடித்த பேண்டுக்கு அடியில் மறைந்திருக்கும். மெம்பிரேனில் ஒரு துண்டு வெட்டி, பிரைமரி இல்லாமல் செகண்டரி மட்டும் போடுங்கள். முயல் ஆன்டிபாடிக்கு மாறினால், சுண்டெலி ஐஜிஜியோடு ஒட்டாதபடி சுத்திகரித்த ஆன்டி-ராபிட் செகண்டரியாக வாங்குங்கள்.

விடியல்ஜெல்: பிரைமரி இல்லாத துண்டிலும் அதே இரண்டு பேண்ட். முயல் ஆன்டிபாடிக்கு ஆர்டர் போட்டாச்சு. நன்றி.

ஈரல்பிரியன்: சரி, தீனி எத்தனை வாரம்?